திருகு முடுக்கிய நேரம்

கடைத்தெருவில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சபையில் கண்ணாடி சிஸ்டர். வீட்டில் புருஷனுக்கு மட்டும் 'இந்தாம்மா'. பிறந்தபோது வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

இருபத்தாறு வருஷமாக ஒரே மூக்குக் கண்ணாடிக் கடை, ஒரே ஸ்டூல். ஊரில் பாதிப் பேருடைய மூக்கும் காதும் அவள் கைக்கு அத்துப்படி. ஆளைப் பார்த்தால் சட்டென்று யாரென்று சொல்ல மாட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் போதும், "மைனஸ் நாலு, இடது காது கொஞ்சம் ஏத்தம், போன வருஷம் இதுமேல உக்காந்துட்டு வந்தீங்களே" என்று வண்டவாளத்தை எடுத்துவிடுவாள்.

கோணலாக ஒரு கண்ணாடியைக் கண்டுவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, கைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளியை எடுத்துத் திருகை முடுக்கித் திருப்பிக் கொடுப்பாள். ஒருமுறை கடையில் ஏதோ விசாரிக்க வந்த போலீஸ்காரர், அவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கண்ணாடி இல்லாமல் நின்றார். பாவம், எதிரில் யார் நிற்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கைக்கு இந்தப் பழக்கம் என்றால், வாய்க்கு ஜெபம். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவள் வாய் திறந்தால் லேசில் மூடாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் அவள் முடிப்பதற்கு முன்னால் எழுந்து ஓடிவிடுவார்கள். இன்னார் முதுகுவலி, இன்னார் மகனுக்கு வேலை, இன்னார் வீட்டுச் சுவர் ஈரம் என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். "ஆண்டவரே, போன வாரமே சொன்னேனே, அது என்னாச்சு?" என்று ஆபீஸ் கிளார்க்கை விரட்டுவதுபோல் விரட்டுவாள். அவள் பெண் கிண்டல் பண்ணுவாள்: "அம்மா, அவர்கிட்ட மத்தவங்களும் பேச வேணாமா? லைனை விடும்மா."

பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. ஆனாலும் வீட்டில் பாப்பாதான். நூலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றே கால். கண்ணாடி இல்லாவிட்டால் அம்மாவையும் அலமாரியையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒருநாள் காலையில் வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் குடல்வால் என்றார்கள், இன்றைக்கே எடுத்துவிடலாம், அரை மணி நேர வேலை என்றார்கள். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், செய்தி போய் அவர் பஸ் ஏறுவதற்குள் ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது. தள்ளுவண்டியில் படுத்திருந்த பாப்பா கண்ணாடியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள்.

"உள்ள போனா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, எல்லாம் கலங்கலா இருக்கும். நீ வெளிய ஜெபம் பண்ணிட்டே இரு. நீ பேசிட்டிருக்கேன்னு தெரிஞ்சா எனக்குப் பயம் இருக்காது."

"நான் பாத்துக்கறேன். நீ போ" என்றாள்.

கதவு மூடியது. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடப் போனவளுக்குக் கையிலிருந்த கண்ணாடியின் வலது கால் லொடலொடவென்று ஆடுவது தட்டுப்பட்டது. ஒரு வாரமாகவே பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள், அம்மாவுக்குத்தான் நேரமில்லை. முழித்ததும் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று திருப்புளியை எடுத்தாள். திருகை முடுக்கினாள். மூக்கில் உட்காரும் ரப்பரில் அழுக்கு இருந்தது, புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிரேம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, உள்ளங்கைச் சூட்டில் வைத்து மெல்ல வளைத்து நிமிர்த்தினாள். கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்தாள். கை வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது.

கதவு திறந்து டாக்டர் வந்தார். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இதயம் நின்றுவிட்டது, எவ்வளவோ பார்த்தோம் என்றார். அவள் கையில் பளபளவென்று கண்ணாடி இருந்தது. ஆண்டவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

ஓடிவந்த புருஷன், தலையில் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தபிறகு சொன்னார்: "நீ பக்கத்துலயே இருந்து ஜெபம் பண்ணிட்டிருந்தியே. குழந்தை தனியாப் போகலை. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்." அவள் 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அவர் 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டார். அதற்குப்பிறகு நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை, சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அதையே சொல்லியிருக்கிறார்.

அன்றோடு அவளுக்கு ஜெபம் நின்றது. கோபம் என்று சொல்ல முடியாது. வெட்கம். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியவள் மறுபடி எந்த முகத்தோடு போய் நிற்பது? கூட்டத்தில் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைப்பாள். சபையார் அதைப் பெரிய பக்தி என்று நினைத்தார்கள். "துக்கம் அவங்களை எவ்வளவு ஆழமாக்கிடுச்சு பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். மனுஷர்களுக்கு இந்த விஷயத்தில் கண் பார்வை எப்போதுமே கொஞ்சம் மட்டம்தான்.

இந்த லட்சணத்தில்தான் அவளை ஊழியப் பயணத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம். எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஓர் ஊர். விடுமுறை விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். போதகருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை, அவர் கண்ணாடிக்கு அவள்தான் லென்ஸ் போட்டவள். "அக்கா, கண் டாக்டர் கிடைச்சிட்டார். கண்ணாடி மாட்ட நீங்க இல்லாம முடியாது" என்றார். வேலை என்றால் அவளுக்கு மறுக்கத் தெரியாது. போனாள்.

பஸ்ஸில் வைத்துத்தான் விதியைச் சொன்னார். கண்ணாடி வாங்கிக்கொள்கிற ஒவ்வொருவரிடமும், மாட்டிவிடுகிறவர் "உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்டு, அங்கேயே ஒரு நிமிஷம் ஜெபிக்க வேண்டும். மாட்டிவிடுகிறவர் என்றால் அவள் ஒருத்திதான்.

ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொருவருக்கும் பவர் எழுதும் அட்டை ஒன்று இருந்தது, பெயரும் எண்ணும் போட்டது. அதன் நகலின் பின்பக்கத்தில் அவர்கள் கேட்பதை எழுதிக்கொள்வாள். "சாயந்திரம் கண்டிப்பா ஜெபம் நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். சாயந்திரம் அட்டைகளைப் போதகரிடம் கொடுத்துவிட்டால் அவர் பாடு, ஆண்டவர் பாடு. தபால்காரர் வேலை. அதில் என்ன பாவம்?

திங்கட்கிழமை நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். பதினேழாவதாக வந்தவள் ஒரு தையல்காரம்மா. நாற்பத்தெட்டு வயசிருக்கும், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய காய்ப்பு. ஒரு கண் ப்ளஸ் இரண்டே முக்கால், இன்னொன்று ஒன்றரை. மேஜையில் பரப்பியிருந்த ரெடிமேட் கண்ணாடி எதுவும் அவளுக்கு ஒத்துவராது, தனியாக லென்ஸ் தேய்த்துத்தான் போட வேண்டும். வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

"என்ன ஜெபம் பண்ணட்டும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன்க்கா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. அந்த நேரத்துல யாராச்சும் ஒருத்தர் அவருக்காகக் கேட்டுக்கிட்டிருந்தாப் போதும். நான் சரியாக் கேப்பேனோ என்னவோ, எனக்கு அந்நேரம் கையும் ஓடாது காலும் ஓடாது. நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

பேனா ஒரு கணம் நின்றது. "பாத்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். 'செவ்வாய் காலை பத்து மணி.' அடியில் கோடும் போட்டாள், பக்கத்தில் அவர் பெயரையும் கேட்டு எழுதினாள். எழுதியதும் மறந்துபோனாள். அவள் தொழிலில் எழுதுவதே மறப்பதற்குத்தான், இல்லாவிட்டால் அடுத்த ஆளின் மூக்கை எப்படி அளப்பது?

சாயந்திரம் யாரோ தடுக்கி அவள் முகாமுக்குப் போட்டிருந்த மேலங்கி முழுக்கத் தேநீரைக் கொட்டிவிட்டார்கள். அதைக் கழற்றிச் சுருட்டித் துணிப்பைக்குள் திணித்துவிட்டு டாக்டர் கொடுத்த வேறொன்றைப் போட்டுக்கொண்டாள். போதகர் அன்றைக்கு ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், அட்டைகளைக் கேட்கவில்லை. செவ்வாயும் புதனும் ஒழுங்காகக் கேட்டார், அவளும் ஒழுங்காகக் கொடுத்தாள்.

புதன் சாயந்திரம் துவைக்கலாமென்று கறைபட்ட மேலங்கியை எடுத்தாள். அதன் பாக்கெட் கனத்தது. உள்ளே கைவிட்டாள். நாற்பத்து மூன்று அட்டைகள், ஓரமெல்லாம் தேநீர் ஊறிக் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பதினேழு வந்ததும் கை நின்றது. செவ்வாய் காலை பத்து மணி. அடியில் கோடு.

செவ்வாய் பத்து மணிக்கு எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் காலையில் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைதான் ஓடும். லென்ஸ் தேய்க்கும் மெஷினை அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஓட்ட முடியும். செவ்வாயன்று மூன்று ஜோடி லென்ஸ் தேய்த்தாள். இரண்டாவது ஜோடி ப்ளஸ் இரண்டே முக்கால், ஒன்றரை. சரியாகப் பத்து மணிக்கு அவள் அந்தத் தையல்காரம்மாவின் கண்ணாடியைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஓரம் நன்றாக வந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததுகூட ஞாபகம் வந்தது.

அதே தப்பு. அதே கை. நாலு வருஷம் கழித்து, எண்ணி வைத்ததுபோல் மறுபடியும்.

அட்டையில் விலாசம் கிடையாது. ஆபரேஷன் எங்கே என்றும் எழுதவில்லை. பள்ளிக்கூடக் காவலாளியிடம் விசாரித்தாள், அவருக்குத் தெரியவில்லை. நேரே போதகரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள், தன் பெண் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

"மனசை வருத்திக்காதீங்கக்கா. இப்ப சேர்ந்து ஜெபிச்சிடலாம். அதோட, பாருங்க, நீங்க அவங்களுக்காகத்தானே வேலை பண்ணிட்டிருந்தீங்க? அந்த வேலையும் ஒரு ஜெபம்தானே?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "பாஸ்டர், அந்தக் கதையெல்லாம் வேணாம். வேலைன்னா வேலை. ஜெபம்னா ஜெபம். அந்தம்மா என்கிட்ட ஜெபம் கேட்டுச்சு. நான் பண்றேன்னு சொன்னேன், பண்ணலை. அவ்வளவுதான்" என்றாள். அட்டைகளைக் கொடுக்காமலே திரும்பினாள். போதகர் தன் கண்ணாடிக்குள்ளிருந்து முழித்தார். பையன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான், ஆனால் அவளுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

காலி வகுப்பறை ஒன்றில், முழங்கால் இடிக்கும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள். அட்டைகளை எதிரே பரப்பினாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பழைய மாதிரி 'ஆண்டவரே' என்று ஆரம்பிக்கப் பார்த்தாள், அது நாலு வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. சரி, தெரிந்த மாதிரியே செய்வோம் என்று, லென்ஸ் பட்டறைக்கு ஆர்டர் வாசிப்பதுபோல் வாசித்தாள். பெயர். பவர். கேட்டது. அடுத்த அட்டை. பெயர். பவர். கேட்டது.

யாரும் மலையைப் பெயர்க்கச் சொல்லியிருக்கவில்லை. ஒருவருக்கு மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டும். ஒருத்திக்கு மாமியார் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு நாள் போதும். ஒரு தகப்பனுக்கு மூன்று வருஷமாகப் பேசாத மகன் போன் பண்ண வேண்டும், 'பேசாட்டியும் பரவாயில்லை, அடிச்சிட்டு வச்சாக்கூடப் போதும்.' முப்பத்தோராவது அட்டை ஒரு கிழவருடையது. என்ன கேட்கட்டும் என்று நாலு தடவை கேட்டும் ஒன்றுமில்லை என்றவர், கடைசியில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: 'என் பேரை யாராச்சும் ஒரு தடவை அங்க சொன்னாப் போதும்.'

அந்த அட்டையில்தான் அவள் உடைந்தாள். அத்தனை வருஷம் ஜெபத்தைக் காரியம் முடித்துவாங்கும் வேலையாகவே நினைத்திருந்தாள். நல்ல கிளார்க்காகப் பார்த்து நச்சரித்தால் வேலை நடக்கும் என்று. இந்தக் கிழவருக்கு ஒரு காரியமும் நடக்க வேண்டியதில்லை. தன்னை நினைத்து ஒருத்தர் நிற்கிறார் என்பது மட்டும் வேண்டும். பாப்பா கேட்டதும் அதைத்தானே? 'நீ பேசிட்டிருக்கேன்னு தெரிஞ்சா எனக்குப் பயம் இருக்காது.' பிழைக்க வைக்கச் சொல்லிக் குழந்தை கேட்கவே இல்லை.

கிழவரின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். மிச்ச அட்டைகளையும் முடித்தாள், குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது, ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு மறுபடி ஒரு வேலை இருந்தது, இந்த நாற்பத்து மூன்று பேரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. பதினேழை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். முடிந்துபோன நேரத்துக்கு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் பிழைத்திருக்க வேண்டும் என்று மட்டும் ராத்திரி வரை உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தையல்காரம்மா வந்தாள். வாசலில் கூட வந்த யாரோ நின்றுவிட்டார்கள், அவள் மட்டும் உள்ளே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவளே சொல்லட்டும் என்று கண்ணாடியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கண்ணாடி ஆயிடுச்சாக்கா? ஏகப்பட்ட பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. என்னன்னு படிச்சுப் பாத்துப் போடணும்ல" என்றவள், நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவர் போயிட்டார். செவ்வாக்கிழமையே. உள்ள போனவர் வெளிய வரலை."

கண்ணாடியக்கா கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டினாள். இடது காதுப்பக்கம் கொஞ்சம் அழுத்தியது, கழற்றி வளைத்து மறுபடி மாட்டினாள். தையல்காரம்மா எதிரே சுவரில் இருந்த எழுத்துப் படத்தின் கடைசி வரி வரைக்கும் தடையில்லாமல் படித்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள்.

"பத்து மணிக்கு நீங்க கேட்டீங்கல்லக்கா? அதை நினைச்சுத்தான் ரெண்டு நாளா ஓட்டிட்டிருக்கேன். யாரோ ஒருத்தர் அவர் பேரைச் சொல்லிட்டிருந்தாங்க, அவர் அநாதையாப் போகலைன்னு."

ஒரு தலையாட்டல் போதும். அதிலும் நல்ல மனசுதான் என்று யாரும் சொல்லுவார்கள். அந்தத் தலையாட்டலை நாலு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறவளுக்கு அதன் எடை தெரியும்.

"இல்லம்மா. கேக்கலை" என்றாள். "அட்டையைப் பையில வச்சிட்டு மறந்துட்டேன். பத்து மணிக்கு உன் கண்ணாடியைத்தான் தேச்சிட்டிருந்தேன். என்னை மன்னிச்சிடு."

தையல்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். புதுக் கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது.

"என்கிட்டப் பொய் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டிருந்தா அவர் பிழைச்சிருப்பாராக்கா?"

"தெரியலைம்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா. ஆபரேஷனுக்குப் போறப்ப, ஜெபம் பண்ணிட்டே இரும்மான்னு சொல்லிட்டுப் போனா. நான் அவ கண்ணாடியை ரிப்பேர் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். அவ வரலை. நாலு வருஷமா இதே கேள்வியைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்."

அவள் கத்துவாள், எழுந்து போய்விடுவாள், போதகரைக் கூப்பிடுவாள் என்றெல்லாம் கண்ணாடியக்கா எதிர்பார்த்தாள். தையல்காரம்மா குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். புதுக் கண்ணாடியில் ஊசித் தழும்பு ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும்.

"நானும் கேக்கலைக்கா" என்றாள் மெதுவாக. "அவரைக் கூட்டிட்டுப் போனதும் அவர் சட்டையை என் கையில குடுத்தாங்க. மேல் பட்டன் தொங்கிட்டிருந்தது. வீட்டுக்கு வர்றப்ப இதைத்தானே போட்டுக்கிட்டு வருவார்னு பையிலேருந்து ஊசியை எடுத்தேன். கண்ணுதான் தெரியலையே. நூல் கோக்கவே எவ்வளவு நேரம்! தடவித் தடவித் தச்சிட்டிருந்தேன். அப்பத்தான் வந்து சொன்னாங்க. என் புத்தி எனக்குத் தெரியும்க்கா. அதனாலதான் உங்ககிட்டச் சொல்லி வச்சேன்."

கண்ணாடியக்கா நாற்காலியை விட்டு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அழுது முடித்துத் தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் கோபம் இருந்தது, அது குரலில் தெரிந்தது. "இப்பக் கேளுங்க" என்றாள். "என் முன்னாடியே கேளுங்க. என் காதால கேக்கணும்."

அவ்வளவு நீளமாக ஜெபித்தவளுக்கு நாலே வரிதான் வந்தது. "ஆண்டவரே, நேரம் தாண்டிப்போச்சு. இந்தம்மாவோட வீட்டுக்காரர் உங்க கிட்ட வந்திருக்கார், அவர் பேர் இது" என்று அட்டையைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள். "இவங்க தனியாப் போயி அந்தப் பேப்பரையெல்லாம் படிக்கணும். கூட இருங்க." ஆமென் சொல்லவும் மறந்துவிட்டாள். தையல்காரம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ எதுவும் சொல்லாமல் எழுந்து போனாள். வாசற்படியில் நின்று, கீழே எத்தனை படி என்று புதுக் கண்ணாடியால் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

மிச்ச இரண்டு நாளும் கண்ணாடியக்கா யார் கேட்டதையும் அட்டையில் எழுதவில்லை. மாட்டிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டு, அங்கேயே, அப்போதே, இரண்டு வரி சொன்னாள். பின்னால் வரிசை முனகியது. முனகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றே புருஷனிடம் சொல்லிவிட்டாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அவர் ஒரே ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் பிடுங்குகிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள். அவர் கையிலிருந்த அச்சுத் தாளைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா?" என்றார். "நாலு வருஷமா நான் சொல்லச் சொல்லக் கேட்டுட்டிருந்தியா?" மூன்று நாள் பேசவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். அவளும் சமாதானம் சொல்லவில்லை.

நாலாம் நாள் சாயந்திரம் அவள் சாப்பாட்டு மேஜையில் அந்த நாற்பத்து மூன்று அட்டைகளையும் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். தினமும் வாசிக்கிறாள், முகாம் முடிந்துவிட்டதே என்று நிறுத்தவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏறியதா என்று அவளுக்குத் தெரியவே போவதில்லை. இருந்தாலும் கேட்டவர் பெயரைச் சொல்கிறாள். கடைசியில் நாற்பத்து நாலாவதாக ஒரு புது அட்டை இருந்தது. அதில் பாப்பாவின் பெயர், மைனஸ் மூன்றே கால், இரண்டு கண்ணும். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே வரும்போதெல்லாம் நின்றுவிடுவாள்.

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புருஷன் உட்கார்ந்தார்.

"அந்தக் கண்ணாடி எங்க?" என்றார்.

கைப்பையிலிருந்து, பாப்பாவின் கண்ணாடி வைத்த சிவப்புக் கூட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் திறந்தார். கண்ணாடியை எடுத்து, வலது காலை மடக்கினார், விரித்தார். மறுபடி மடக்கினார், விரித்தார். பிழை திருத்துகிற கண், ஒரு தப்பையாவது தேடும். கால் ஆடவில்லை.

"நல்லாத்தான் முடுக்கியிருக்க" என்றார். சொல்லும்போதே அவர் முகம் கோணிக்கொண்டது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அவரும் விடவில்லை.

பிறகு பாப்பாவின் அட்டையைத் தன் பக்கம் திருப்பி, வெறும் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் எழுதலையே."

"என்ன எழுதறதுன்னு தெரியலை. இனிமே அவளுக்கு என்ன கேக்கறது?"

அவர் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து மூடினார். மேஜைமேல் கிடந்த தன் பேனாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அங்க அவளுக்கு நல்லாக் கண்ணு தெரியணும்னு எழுது, இந்தாம்மா" என்றார். "கண்ணாடி நம்மகிட்டல்ல இருக்கு."